முழுமை பெற்ற நடிகர் வக்தி பெஹெய்ரி

எங்கள் ஊரில் ஒரு நடிகனின் பிழைப்பைக் கெடுக்க வேண்டுமென்றால் அவனைத் திட்டி எழுத வேண்டியதில்லை, கோர்ட்டுக்கு இழுக்க வேண்டியதில்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தால் போதும். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு யாரும் கேடயம் கொடுக்கப் போவதில்லை. கெய்ரோவின் அரசு நாடக அரங்கில், மேடைக்கு அடியில் இருக்கும் பொந்துக்குள் முப்பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான். பெயர் ஃபர்கலி. என் முகத்தை எந்த ரசிகனும் பார்த்ததில்லை. நான் பார்த்ததும் பெரும்பாலும் நடிகர்களின் செருப்புகளைத்தான்.

அந்தச் செருப்புகளில் என் பக்கம் தயங்கி நிற்காத ஒரே ஜோடி வக்தி பெஹெய்ரியுடையது. பத்தொன்பது வயதில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலனாக மேடையேறியவர். பிறகு ராஜா, பிச்சைக்காரன், நீதிபதி. டிவி வந்ததும் டிவிக்குப் போனார். பாஷா, போலீஸ் கர்னல், ஹஷீஷ் கடத்துகிறவன், மனம் திருந்திய ஹஷீஷ் கடத்துகிறவன். மூன்று முறை தூக்கில் தொங்கினார், பதினோரு முறை மாரடைப்பு வந்தது, நாற்பத்தோரு முறை கல்யாணம் நடந்தது. வீட்டில் கல்யாணம் ஒரே முறைதான். அவர் மனைவி பெயர் தௌலத்.

தௌலத்துக்கு ஐந்து வருஷமாக ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. என்னை ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. ஊரே பார்க்காத என்னை வாசலில் கண்டதும் “வா ஃபர்கலி, டீ குடி” என்பாள். ஊரே பார்த்த புருஷனை யாரோ என்பாள். “ஃபர்கலி, இந்த அண்ணன் யாரு? பாவம், நல்ல மனுஷன். ஆனா எப்பப் பாரு நம்ம வீட்டுலயே இருக்காரே, அவருக்கு வீடு இல்லையா?” என்று என் காதில் கேட்பாள். அந்நிய ஆண் வீட்டில் இருக்கிறாரே என்று முக்காட்டை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். படுக்கையறைக்குள் அவர் நுழைந்தால் கூச்சல் போடுவாள். ஆகவே வக்தி கூடத்து சோபாவில் படுத்தார். காலையில் எழுந்ததும் அவரே தன்னைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்.

ஒரு மாதம் மட்டும் விதிவிலக்கு. ரமலான். நோன்பு திறந்ததும் நாடே டிவி முன்னால் உட்காரும். முப்பது நாளும் சீரியல், எதிலாவது வக்தி இருப்பார். சாயம் பூசிய முடி, ஒட்டு மீசை, பொய்ப்பல் எல்லாம் சரியாகப் பொருத்திய முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் தௌலத் கை தட்டுவாள். “என் வக்தி! பாரு, பாரு!” என்பாள். பிறகு தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருக்கும் கிழவரைப் பார்ப்பாள். திரையைப் பார்ப்பாள். மறுபடி இவரைப் பார்ப்பாள். எங்கேயோ ஒரு கதவு திறக்கும். முக்காடு தோளில் சரிந்துவிடும். “எப்ப வந்தே? சாப்பிட்டியா?” என்று கேட்பாள். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம், அவருக்குப் பெண்டாட்டி இருப்பாள். காலையில் மறுபடி அண்ணன்.

வருஷத்தில் முப்பது நாள். அதற்காகத்தான் எழுபத்து நாலு வயதில் அந்த மனுஷன் வேஷம் கேட்டு அலைந்தார். புகழுக்கா, பணத்துக்கா? ஒன்றுமில்லை. ரமலானில் திரையில் முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

இந்த நிலையில் அவரைக் கௌரவித்துவிட்டார்கள்.

கலைஞர் கௌரவிப்புப் பொது நிர்வாகம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. ஏழு மாடி. இரண்டு லிஃப்டும் ஓடாது. போன வருஷம் ஒரு கடிதம் அனுப்பினார்கள். வக்தி போனார், மண்டபத்தில் உட்கார்ந்தார், நாலு மணி நேரம் பேச்சு கேட்டார், ‘முழு வாழ்நாள் கேடயம்’ என்று ஒன்றை வாங்கி வந்தார். வெல்வெட் பெட்டியில் கனமான பித்தளைத் தகடு. தௌலத் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊறுகாய் ஜாடிக்கு மேல் பாரமாக வைத்தாள். அந்தக் கேடயத்தை உருப்படியாகப் பயன்படுத்திய ஒரே ஆள் அவள்தான்.

அந்த ரமலானில் அவருக்கு வேஷம் வரவில்லை. சீரியல்காரர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தோம். முப்பது நாளும் தௌலத் சேனல் சேனலாகத் தேடினாள். “எங்க போயிட்டாரு? யார்கிட்டயாவது கோவிச்சுக்கிட்டாரா?” என்று பக்கத்தில் இருந்தவரையே கேட்டாள். “ஷூட்டிங் வெளியூர்லங்க” என்றார் அவர்.

இந்த வருஷம், ரமலானுக்கு முந்தின ஷாபான் மாதத் தொடக்கத்தில் ஒரு சீரியல் கம்பெனியிலிருந்து உதவி டைரக்டர் போன் செய்தான். மருந்துக் கடைக்காரர் வேஷம், முப்பது எபிசோடிலும் உண்டு என்றான். வக்தி போனைக் கீழே வைத்தார். “முப்பது நாளும் ஃபர்கலி. முப்பது நாளும்!” என்றார். மறுநாள் மறுபடி போன்.

“உஸ்தாத், ஒரு சின்னச் சிக்கல். கௌரவிப்பு நிர்வாகத்துல வேலைச் சீட்டு கேட்டு அனுப்பினோம். உங்க பேர் ‘முழுமை பெற்ற கலைஞர்கள்’ பட்டியல்ல இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்களே போய்ப் பார்த்துச் சீட்டு வாங்கிட்டு வந்துடுங்க. பன்னிரண்டு நாள்ல ஷூட்டிங்.”

ஏழு மாடி ஏறினோம். நாலாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆறாவது மாடியில் எனக்கு. மேலே மேடம் இன்ஸாஃப் என்ற அம்மாள் கீரைக்கட்டைப் பிரித்து இலை ஆய்ந்துகொண்டே எங்களை வரவேற்றாள். வக்தியைக் கண்டதும் எழுந்து நின்று கண் கலங்கினாள்.

“உஸ்தாத் வக்தி! எங்க அம்மா உங்களைப் பார்த்துப் பார்த்து அழுவாங்க! உட்காருங்க, உட்காருங்க. உங்க ஃபைல் எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? ஒரு குறை கிடையாது. முழுசா முடிஞ்ச ஃபைல்!”

“அதான் மேடம் பிரச்சினை,” என்றார் வக்தி. “முடியலை. எனக்கு ஒரு வேஷம் வந்திருக்கு.”

அம்மாளின் முகம் வாடிவிட்டது. “முழு வாழ்நாள் கேடயம் வாங்கியிருக்கீங்களே உஸ்தாத். முழு வாழ்நாளுக்கும்னு கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க? அதுக்கப்புறம் நடிச்சா அது எந்தக் கணக்குல வரும்? அந்த வேஷத்தை எந்த வாழ்நாள்ல சேக்கறது?”

“நான் உயிரோடதானே மேடம் இருக்கேன்?”

“அதை நாங்க மறுக்கவே இல்லையே!” என்றாள் அவள், மனசு புண்பட்ட குரலில்.

வழி இல்லாமல் இல்லை. ‘முழுமையின்மைச் சான்றிதழ்’ என்று ஒன்று வாங்க வேண்டும். இந்தக் கலைஞரின் கலை வாழ்வு இன்னும் நிறைவடையவில்லை என்று ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேடயத்தைச் சும்மா கவுண்டரில் நீட்டிவிட முடியாது. கௌரவம் மேடையில் கொடுக்கப்பட்டது, மேடையில்தான் திரும்பப் பெற வேண்டும்.

ஊறுகாய் ஜாடியிலிருந்து கேடயத்தை எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த புதன்கிழமை மண்டபத்துக்குப் போனோம். மண்டபம் வேறு எதுவுமில்லை, எங்கள் பழைய நாடக அரங்கமேதான். பதினோரு வருஷமாக அங்கே நாடகம் கிடையாது. பராமரிப்பு வேலை என்று பலகை தொங்குகிறது. கௌரவிப்பு விழாக்கள் மட்டும் நடக்கும். என் பொந்துக்குள் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூங்கொத்துகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பொது நிர்வாகி டாக்டர் ஷல்கானி மைக்கைப் பிடித்தார். எதில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களை அவர் கௌரவித்துவிடுவார் என்ற பயம்.

“பெருமக்களே! நான் பொறுப்பேற்ற வருஷம் இந்த நாட்டில் மொத்தமே ஏழு கௌரவிப்புகள்தான் நடந்தன. இன்றைக்கு? இருநூற்றுப் பன்னிரண்டு! அப்படியானால் நாடகம் எத்தனை போட்டீர்கள் என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், நாடகம் போட்டால் கௌரவிக்க மண்டபம் எங்கே கிடைக்கும்? நாடகம் என்பது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது. கேடயம் துருப்பிடிக்காத உலோகம்! இன்று நம் வக்தி பெஹெய்ரி தன் கௌரவத்தையே திருப்பித் தருகிறார். இந்த நாட்டின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு கலைஞர் கௌரவத்தைக் கௌரவிக்கிறார்! இப்படிப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது நமக்கு அழகா?”

அழகில்லை என்று கூட்டம் கத்தியது. பழைய கேடயத்தை வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெரிதாக இன்னொன்றைக் கையில் கொடுத்தார்கள். ‘கேடயம் துறந்த மாமனிதர் கேடயம்’. வக்தி அதை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“இப்ப இதைத் திருப்பிக் குடுக்கணுமா மேடம்?” என்று வாசலில் இன்ஸாஃபைக் கேட்டேன்.

“இது வாழ்நாள் கேடயம் இல்லை, பெருந்தன்மைக் கேடயம். இது இருந்தா பரவாயில்லை,” என்று தேற்றினாள். “திங்கட்கிழமை குழு உக்காருது. உஸ்தாத் நடிச்சுக் காட்டணும்.”

“எப்படி நடிக்கணும்?” என்றார் வக்தி.

அம்மாள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அதான் சூட்சுமம். மோசமா நடிச்சா ஓய்வுப் பட்டியல்ல போட்டுடுவாங்க. ரொம்ப நல்லா நடிச்சா முழுமைப் பட்டியல்லயே இருந்துடுவீங்க.”

“அப்ப சுமாரா நடிக்கட்டுமா?”

“சுமாரா நடிக்கிறவங்களுக்குச் சீட்டே தேவையில்லையே உஸ்தாத். அவங்கதான் எல்லா சீரியல்லயும் இருக்காங்களே.”

மூன்று நாள் நான் அவருக்குச் சுமாராக நடிக்கப் பயிற்சி கொடுத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான். வசனத்தை முழுங்குங்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாதமாதிரி ஆட்டுங்கள், அழும்போது கேமரா எங்கே என்று தேடுங்கள் என்றேன். பாவம், எவ்வளவோ முயன்றார். அவர் கையை ஆட்டினால் கை வைக்க இடம் தெரியாத ஒரு மனுஷன் அப்படியே எதிரில் வந்து நின்றான். உருப்பட்டாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குழுவில் ஐந்து பேர். டாக்டர் ஷல்கானி தலைவர். ஒருவர் நல்ல தூக்கம். ஒருவர் வக்தியின் வாழ்க்கைப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “எந்த வேஷம் பாக்கின்னு சொல்றீங்க?”

“மருந்துக் கடைக்காரர்.”

விரலால் பட்டியலில் தேடினார். “எண்பத்தேழுல ஒரு டாக்டர் பண்ணியிருக்கீங்க. டாக்டர் பெரிசா, மருந்துக் கடை பெரிசா? டாக்டர்தானே? அப்ப இது அதுலயே அடங்கிடுச்சு. சரி, நடிச்சுக் காட்டுங்க.”

மேடையில் ஒரு நாற்காலியைத் தவிர எதுவும் இல்லை. வக்தி அந்த நாற்காலியை யாரோ உட்கார்ந்திருப்பதுபோல ஓரமாக நகர்த்தினார். பிறகு வெளியே போய் உள்ளே வந்தார். வாசலில் தயங்கினார். “நான் உள்ள வரலாங்களா?” என்றார் அந்த நாற்காலியிடம். பதிலுக்குக் காத்திருந்தார். “பக்கத்து வீடுதாங்க. இல்லை, உட்காரலை. நிக்கிறேன். மாத்திரை போட்டாச்சான்னு கேக்கத்தான் வந்தேன்.” கையில் தம்ளர் இருப்பதுபோல நீட்டினார். நாற்காலி வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். “உங்க வீட்டுக்காரரா? வந்துடுவாரு. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. உங்களைப் பார்த்துக்கச் சொன்னாரு.” அவ்வளவுதான். மூன்று நிமிஷம் இருக்கும்.

இந்த வசனம் எந்த நாடகத்திலும் கிடையாது. எனக்குத் தெரியாத நாடகம் இல்லை. அது எந்த வீட்டில் தினமும் நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஆகவே நான் கர்ட்டனுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். தூங்கியவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். பட்டியல் வைத்திருந்தவர் பட்டியலைக் கீழே போட்டுவிட்டார். ஐந்து பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாசமாய்ப் போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

“அற்புதம்!” என்றார் டாக்டர் ஷல்கானி, தழுதழுத்து. “இதுக்கு மேல என்ன உஸ்தாத் இருக்கு? முழுமைன்னா இதுதான் முழுமை. இன்னும் குறையிருக்குன்னு நாங்க கையெழுத்துப் போட்டா அல்லாஹ் எங்களைக் கேக்கமாட்டானா? மனு ஏகமனதா நிராகரிக்கப்படுது!”

மருந்துக் கடைக்காரர் வேஷத்தை ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

ரமலானுக்கு மூன்று நாள் இருந்தது. வக்தி மறுபடி ஏழு மாடி ஏறினார். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை; நானும் பின்னாலேயே ஏறினேன். டாக்டர் ஷல்கானியின் அறைக்குள் போய், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார். தௌலத்தைப் பற்றி. முக்காட்டைப் பற்றி. முப்பது நாளைப் பற்றி. சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். ஆயிரம் பேர் முன்னால் தூக்கில் தொங்கிய மனுஷனுக்கு இதைச் சொல்ல அவ்வளவு கூச்சம்.

டாக்டர் ஷல்கானி உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டார். மேஜையைச் சுற்றி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா? உங்க முகம் டிவியில வரணும், அவ்வளவுதானே! அதுக்கு எதுக்கு நடிக்கணும்? எங்க நிர்வாகம் தயாரிக்கிற ‘அணையா விளக்குகள்’ இருக்கு. ரமலான்ல தினமும், நோன்பு திறக்கிற பீரங்கி வெடிச்சதும், சீரியலுக்கு முன்னாடி பன்னிரண்டு நிமிஷம். நாடே பார்க்குது. பதினோராம் நோன்பு உங்களுக்கு!”

“என் முகம் வருமா?”

“உங்க முகம் மட்டுந்தான் வரும். இருபது வயசுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்!”

வக்தி உள்ளங்கையை ஒரு முறையும் புறங்கையை ஒரு முறையும் முத்தமிட்டு இறைவனுக்கு நன்றி சொன்னார். இறங்கும்போது ஏழு மாடியும் எனக்கு முன்னால் இறங்கினார்.

பத்து நாள் தௌலத் கேட்டுக்கொண்டே இருந்தாள். “இந்த வருஷம் வக்தி எதுல வராரு அண்ணே?” “பதினோராம் நோன்பு வராருங்க.” விரலை மடக்கி எண்ணுவாள், மறந்துவிடுவாள், மறுபடி கேட்பாள். அவர் மறுபடி சொல்வார். அலுத்துக்கொண்டதே இல்லை.

பதினோராம் நோன்பு அன்று அவர் முடி வெட்டி, சாயம் பூசி, பொய்ப்பல் மாட்டி, சாம்பல் நிற சூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் இருப்பவனும் இங்கே இருப்பவனும் ஒரே ஆள் என்று அவளுக்குச் சுலபமாகத் தெரிய வேண்டுமாம். அவளுக்குப் பிடித்த குனாஃபா இனிப்பு வாங்கி வந்திருந்தேன். பீரங்கி வெடித்தது. பேரீச்சம்பழம் கடித்தோம், சூப் குடித்தோம். டிவியில் இசை வந்தது.

முதலில் ஈட்டி பிடித்த பையன் வந்தான். தௌலத் கையைத் தட்டினாள். “இவருதான்! இவருதான்! எவ்வளவு ஒல்லியா இருக்காரு பாரு!” பாஷா வந்தார். கர்னல் வந்தார். கோர்ட்டில் நீதிபதி எழுந்து நின்றார். ஒவ்வொருவரையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முக்காடு நெற்றியிலிருந்து நழுவியது. தலையைத் திருப்பிப் பக்கத்தில் சாம்பல் நிற சூட்டில் இருந்தவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள். “வக்…” என்று அவள் உதடு குவிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கனமான, சோகமான, பயிற்சி பெற்ற குரல். “இந்த விளக்கும் நம்மை விட்டுப் பிரிந்தது. மறைந்த மாபெரும் கலைஞர் வக்தி பெஹெய்ரியின் ஆன்மாவுக்கு இறைவன் கருணை புரிவானாக.” திரையில் அவர் முகம் கறுப்பு வெள்ளையாக மாறி, மூலையில் ஒரு கறுப்புப் பட்டை வந்து ஒட்டிக்கொண்டது.

தௌலத் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

வக்தி அவள் கையைப் பிடித்தார். “தௌலத், நான் இங்கதான் இருக்கேன். பாரு, என்னைப் பாரு.” அவள் கையை உதறிக்கொண்டாள். “ஃபர்கலி, நீ கூட என்கிட்ட மறைச்சுட்டியேடா!” என்று என் சட்டையைப் பிடித்தாள். இவர்தான் வக்தி, இவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் கத்தினேன். வக்தி எழுந்து நின்று, திரையில் சற்று முன்னால் நீதிபதி பேசிய வசனத்தை அதே குரலில், அதே கை அசைவோடு பேசிக் காட்டினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவள் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

“அச்சு அசல் அவர் மாதிரியே பேசுறீங்க அண்ணே,” என்றாள். “ஆனா வேணாம். செத்தவரோட வீட்டுக்குள்ளேயே வந்து அவரை மாதிரி நடிக்கிறது அசிங்கம்.”

வக்தி கையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் மாடிப்படிக்கு வந்து இன்ஸாஃபுக்குப் போன் போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. அவள் வாயில் எதையோ மென்றுகொண்டே பொறுமையாக விளக்கினாள்.

“அந்த நிகழ்ச்சிக்கு ஒரே வாசகந்தான் சார். உயிரோட இருக்கறவங்களுக்குன்னு தனியா எழுதினா, அப்புறம் அவங்க போனதும் திருப்பி எழுதணும். ரெண்டு வேலை. எப்படியும் ஒரு நாள் சரியாயிடும், ஒரே தடவையா முடிச்சுடுங்கன்னு டாக்டர் உத்தரவு. இதுவரைக்கும் யாரும் புகார் சொன்னதில்லையே!”

“அவங்கல்லாம் செத்துப்போனவங்க மேடம்!”

“அதான் நானும் சொல்றேன்.”

“திருத்தம் போடுங்க.”

“போடலாமே. மறைந்தவரோட குடும்பத்துலேர்ந்து ஒரு மனு வரணும்.”

மேலே போனபோது பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். நாடே பார்த்த நிகழ்ச்சியல்லவா. துக்கம் கேட்க ஓடி வந்தவர்கள் வாசலில் வக்தியைப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள். உள்ளே தௌலத் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அவரிடம் கேட்டிருக்கிறாள்: “அண்ணே, எங்களுக்கு மகன் இல்லை. வாசல்ல நின்னு வர்றவங்களுக்குக் கை குடுக்க ஆம்பளை வேணும். நீங்க நிக்கிறீங்களா?”

நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

“பைத்தியமா உங்களுக்கு?” என்றேன்.

“இல்லைன்னு சொல்லச் சொல்ல அவ நடுங்குறா ஃபர்கலி. அவ புருஷன் செத்துட்டான்னு அவ அழறா. அழட்டும். இந்த அஞ்சு வருஷத்துல அவ இவ்வளவு நேரம் சேர்ந்தாப்ல என்னை நினைச்சுக்கிட்டு இருந்ததே இல்லை.”

மூன்று நாள், வழக்கப்படி, நோன்பு திறந்த பிறகு துக்கம் கேட்க வந்தார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். “இறைவன் உங்களுக்குப் பொறுமை தரட்டும்” என்று அவரிடமே சொன்னார்கள். “நீங்க வந்ததுக்கு நன்றி” என்றார். கசாப்புக் கடைக்காரர் ஒருவர் மட்டும் பொறுக்கமாட்டாமல் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அவரையும் வக்திதான் தேற்றி உள்ளே அனுப்பினார்.

கூட்டம் இல்லாத நேரத்தில் தௌலத் அவரிடம் பேசினாள். இத்தனை வருஷமாக முக்காட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், புருஷனைப் பற்றி அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மணிக்கணக்காகப் பேசினாள். கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டில் வந்தது, முதல் நாடகத்தன்று காய்ச்சலோடு மேடையேறியது, ஒரே குழந்தை பிறந்து எட்டாம் நாள் போனபோது அவர் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது. “குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சாரு. கேட்டுச்சு. கேட்டதா நான் காட்டிக்கவே இல்லை அண்ணே. வீட்டுல அவருக்கு நடிக்கத் தெரியாது,” என்றாள். வக்தி தரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் ஷல்கானி வந்தார். இரண்டு கேமரா, நாலு உதவியாளர்கள், ஒரு வெல்வெட் பெட்டி. வாசலில் நின்றவருக்கு வழக்கம்போலக் கை கொடுத்தார். கை கொடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். தன் நிகழ்ச்சி சொன்னதை அவரே நம்பிவிட்டிருந்தார் போலிருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி தடுமாறினாரே தவிர, சும்மா சொல்லக்கூடாது, சமாளித்துவிட்டார்.

“உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன்,” என்றார் உரத்த குரலில். பிறகு காதோரம் குனிந்து, “தயவு செஞ்சு உஸ்தாத். நேரடி ஒளிபரப்பு,” என்றார்.

“உள்ள போங்க டாக்டர். அவ அங்கதான் இருக்கா,” என்றார் வக்தி.

டாக்டர் ஷல்கானி தௌலத் முன்னால் நின்று பேசினார். “அம்மா, இது உங்கள் இழப்பு மட்டுமல்ல, எங்கள் நிர்வாகத்தின் இழப்பு. அவர் வாழ்ந்த காலத்தில் நாங்கள் அவருக்கு என்னதான் செய்யவில்லை? இரண்டு கேடயம், ஒரு குழு, ஒரு நிகழ்ச்சி! கடைசி மூச்சு வரை அவரை நாங்கள் ஓய விட்டதில்லை!” பெட்டியைத் திறந்து கேடயத்தை அவள் மடியில் வைத்தார். உதவியாளன் ஒருவன் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்று வாசலில் நின்றவரிடம் நீட்டினான்.

“மறைந்தவருக்கு என்ன உறவு?” என்றான், எழுதிக்கொண்டே.

வக்தி பேனாவை வாங்கினார். “பக்கத்து வீடு,” என்றார்.

அவர்கள் போனார்கள். வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மூன்று நாள் முடிந்தது. நாற்காலிகளை நான் மடக்கி அடுக்கினேன். தௌலத் கேடயத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர் முன்னால் நின்றாள்.

“மூணு நாளா நின்னு கால் வீங்கியிருக்கும் அண்ணே. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். நல்லா இருப்பீங்க. போதும், வீட்டுக்குப் போங்க. உங்க பொண்டாட்டி தேடுவாங்க.”



“ஆமாங்க,” என்றார் வக்தி. “ரொம்ப நாளாத் தேடிக்கிட்டுத்தான் இருக்கா.”

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.